உபயம் போட்ட துவக்கு

போன மாதம் எங்கள் விளையாட்டுக் கழகத்துக்குள் நின்று கைத்துவக்கால் சுட்டுக்கொண்டிருந்தேன்.

பயப்படாதீர்கள். காற்றுத் துவக்கு. சின்ன ஈயக் குண்டு, கடதாசிக் குறி, அனுமதிப் பத்திரம்... எல்லாம் ஒழுங்காக உண்டு. ஆனாலும் அம்மாவுக்கு இது இன்னும் செமிக்கவில்லை.

"துவக்குச் சத்தம் கேட்டு ஓடின சனம் நாங்கள். நீ அதைத் தேடிப் போறாய், என்ன?"

"இது சத்தம் போடாது அம்மா."

"சத்தமும் போடாட்டி என்னத்துக்கு அது?"

மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்தில் இருந்து போகிற ஒரே பெண் நான், தெரிவுக்கு இன்னும் இரண்டு கிழமைதான் இருக்கிறது என்றேன். அம்மா அடுப்பைப் பார்த்தார்.

எங்கள் கழகத்தில் இருப்பதே ஒரு துவக்குத்தான். எங்கள் தீவில், சரவணையில் பிறந்து சுவிஸில் இருக்கிற பரமண்ணை அனுப்பியது. அவர் அங்கே ஒரு சுடும் கழகத்தில் அங்கத்தவர். புதிதாக ஒன்று வாங்கியதும் பழையதை ஊருக்குத் தந்தார். நல்ல மனம்தான். பிரச்சினை வேறு.

துவக்கு கீழே சுடும்.

கறுப்பு வட்டத்தின் நடுவைக் குறி வைத்தால், குண்டு வட்டத்தின் அடி விளிம்பில் போய் விழும். ஒன்றல்ல, எல்லாமே. ஒரே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு குந்தியிருக்கும்.

"உம்மட கை தாழுது பிள்ளை," என்றார் கழகத் தலைவர். ஓய்வு பெற்றவர். ஊரில் எதற்கும் அவரே தலைவர். "பொம்பிளைப் பிள்ளையளுக்குக் கையில பலம் காணாது. பிழை சொல்ல ஏலாது, அது அப்பிடித்தான்."

நானும் நம்பினேன்! மண் நிரப்பிய போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றேன். மூச்சைப் பிடித்தேன். விசையைப் பூ மாதிரி அழுத்தினேன். குண்டுகள் தங்கள் இடத்தை விட்டு அசையவில்லை.

பிறகுதான் மண்டையில் தட்டியது. பலமில்லாத கை ஆடினால் குண்டு சிதற வேண்டுமே? என்னுடையவை சிதறவில்லையே?

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். நான் எழுதும் இந்தப் பத்தியில் இதை அடிக்கடி சொல்லிக் காட்டுவதாக வாசகர் ஒருவர் குறைப்பட்டிருந்தார். ஐயா, இன்னும் சொல்லுவேன். சந்தேகம் வந்தால் பரிசோதித்துப் பார் என்று அங்கேதான் படித்தேன்.

"தலைவர், நீங்கள் ஒருக்காச் சுடுங்கோ."

சுட்டார். அடி விளிம்பு.

"சோளகக் காத்து, பிள்ளை. அது அமத்துது."

மண்டபத்தின் யன்னல்கள் எல்லாம் சாத்திக் கிடந்தன! எனக்குக் கீழே போனால் கை. அவருக்குப் போனால் காற்று.

உரப்பையில் மண் நிரப்பி மேசையில் வைத்தேன். துவக்கை அதன்மேல் கிடத்திச் சுட்டேன். மண் மூட்டைக்கும் கை தாழ்ந்தது. ஆக, பிழை துவக்கில்.

பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். அட... கண்ணுக்கு முன்னாலேயே கிடந்திருக்கிறது!

குழாயின் மேலே ஒரு பித்தளைத் தகடு. "உபயம்: பரமசிவம் குடும்பம், சுவிஸ்." துவக்கில் ஓட்டை போட மனமில்லாமல், கழகத்தார் நுனியில் இருந்த குறிமுள்ளைக் கழற்றி, தகட்டை அதன் அடியில் வைத்து, நீளமான ஆணி போட்டு இறுக்கியிருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். கண்ணுக்குக் கிட்ட ஒரு பள்ளம், துவக்கின் நுனியில் ஒரு முள். இரண்டும் ஒரே மட்டத்தில் தெரிந்தால்தான் குறி. முள்ளைத் தகடு உயர்த்திவிட்டது. அதைப் பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவர, நாங்கள் எங்களை அறியாமலே நுனியைத் தாழ்த்துகிறோம். தாழ்த்திச் சுட்டால் குண்டு மேலேயா போகும்?

உபயம் என்பது எங்கள் தீவுகளில் ஒரு தனி இலக்கியம். கோயில் ரியூப் லைட்டில் பேர் எழுதுவோம் — வெளிச்சம் எழுத்துக்கு நடுவே இடுக்கு இருந்தால் வரும். மணிக்கூட்டில் பேர் போடுவோம் — நேரம் தெரிய வேண்டுமானால் கொடுத்தவரின் தலையெழுத்தைத் தாண்டிப் பார்க்க வேண்டும். துவக்கு மட்டும் தப்புமா?

"தகட்டைக் கழட்டுவம்," என்றேன்.

தலைவர் தகட்டைக் கையால் பொத்தினார். "விசர்க் கதை கதையாதையும்! அவர் திருவிழாவுக்கு வாறார். வந்து முதல் பாக்கிறதே அதைத்தான்."

"அப்ப பெட்டியில ஒட்டுவம்."

"பெட்டியை ஆர் பாக்கிறது? நீர் ஒண்டு செய்யும். கொஞ்சம் மேல பிடிச்சுச் சுடும்."

கொஞ்சம் மேலே! நடுவைத் தொட வேண்டுமானால் நடுவை விட்டு, வட்டத்தின் மேல் விளிம்பில் ஒரு இடத்தை மனதால் நினைத்துக் குறி பார்க்க வேண்டும். தெரிவில், எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க. எங்கள் ஊரில் பிழையான சாமானைத் திருத்துவதில்லை. அதைப் பாவிக்கிற ஆளைத் திருத்துகிறோம்.

பரமண்ணை வந்தார். மனைவி மங்களக்காவும் வந்தார். தலைவர் மாலை போட்டார், சோடா கொடுத்தார், துவக்கை நீட்டினார். அண்ணை தன் பேரைத் தடவிப் பார்த்துவிட்டு, தோரணையாக நின்று சுட்டார்.

அடி விளிம்பு.

மறுபடியும். அடி விளிம்பு.

அண்ணையின் முகம் சுருங்கியது. "சுகர், தங்கச்சி. கை முந்தின மாதிரி இல்லை."

பாருங்கள்! கொடுத்தவரே தன் உடம்பைக் குற்றம் சொல்கிறார், தகட்டைச் சொல்லவில்லை. தலைவர் எனக்குக் கண் காட்டினார். நான் அந்தக் கண்ணைக் காணவில்லை.

"உங்கட கையில ஒரு பிழையும் இல்லை அண்ணை. உங்கட பேர்தான் குண்டைக் கீழ தள்ளுது."

தலைவர் சோடாப் போத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் முள்ளைக் காட்டினேன், பள்ளத்தைக் காட்டினேன், தகட்டைக் காட்டினேன். அண்ணைக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கியும் தகட்டில் இருந்து விரலை எடுக்கவில்லை.

"அப்ப... கழட்டத்தான் வேணுமோ?"

குரல் கேட்க எனக்கே பாவமாகப் போய்விட்டது. "கழட்டாமலும் செய்யலாம் அண்ணை. இதே தடிப்பில இன்னொரு தகடு, பின்னுக்குப் பள்ளத்துக்கு அடியில வைச்சால் சரி. ரெண்டும் ஒரே அளவு உயர்ந்திடும்."

"ரெண்டாவதில ஆரின்ர பேர்?" தலைவர் உயிர் பெற்றார். "கழகத் தலைவர் எண்டு போட்டால்..."

மங்களக்கா எழும்பி வந்து தகட்டை வாசித்தார்.

"இதில 'குடும்பம்' எண்டு கிடக்கே, அது ஆர்?"

"நீயும் பிள்ளையளும்தான், வேற ஆர்?" என்றார் அண்ணை.

"கோயில் மணியிலயும் நான் குடும்பம். தண்ணித் தொட்டியிலயும் குடும்பம். துவக்கிலயும் குடும்பமோ? நானும் அங்க வேலைக்குப் போய்த்தானே இதெல்லாம் வந்தது?" என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, பின்னுக்கு என்ர பேரைப் போடும். மங்களேஸ்வரி. முழுசாப் போடும்."

பரமண்ணை உடனே தலையாட்டினார். சுவிஸில் துவக்கு அவருடையது. வீடு அக்காவுடையது போலும்.

யாழ்ப்பாணத்தில் முதல் தகடு வெட்டின அதே கடையில், அதே தடிப்பில் தகடு வெட்டுவித்தோம். பள்ளத்தின் இரண்டு ஆணிகளையும் கழற்றி, மங்களேஸ்வரியை அடியில் வைத்து இறுக்கினேன். முதல் குண்டு கறுப்பின் நடுவில். இரண்டாவது அதை உரசிக்கொண்டு. அக்காவின் பேர் பின்னால் நிமிர்ந்த பிறகுதான் துவக்கு நேராகச் சுட்டது.

"காத்து விட்டிட்டுது," என்றார் தலைவர்.

தெரிவு? ஓம், எடுபட்டனான். அம்மா பலகாரம் சுட்டார். துவக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை, ஆனால் பலகாரத் தட்டம் அயல் வீடுகளுக்கெல்லாம் போனது.

நேற்று பயிற்சிக்குப் போனேன். கழகத்துக்குள் ஒரே இருட்டு. குறி தெரியவில்லை. பார்த்தால், கடதாசிக்கு வெளிச்சம் தருகிற பெரிய யன்னலை மறைத்து ஒரு பதாகை. "எங்கள் தீவின் பெருமை" என்று என் படம், ஆள் உயரத்துக்கு. கீழே தலைவரின் பேர்.

கழற்றச் சொல்லத்தான் வேண்டும். சொல்லுவேன்... படம் நல்லாத்தான் விழுந்திருக்கு.