கால்களுக்கு நடுவே போன பந்து

காத்மாண்டுவில் உள்ள ஒரு தொழில்முறைக் கால்பந்துக் கழகத்தின் வரலாற்றை எழுதிய ஒரே யாழ்ப்பாணத்தான் நானாகத்தான் இருப்பேன். அதற்கு எனக்கிருந்த தகுதிகள் இரண்டு: நேபாளத்தை நான் பார்த்ததில்லை, கால்பந்தும் தெரியாது.

நியூசிலாந்தில், ஆக்லாந்தின் ஒனிஹங்காவில் உறைந்த இறைச்சி வைக்கும் கிடங்கில் என்னோடு வேலை செய்கிற நேபாளி என்னைத் ‘தாய்’ என்றுதான் கூப்பிடுவார். அவர் மொழியில் அது அண்ணன். ஒருநாள் தேநீர் நேரத்தில், தங்கள் கழகத்தின் ஆக்லாந்து ரசிகர்கள் விழா எடுக்கிறார்கள் என்றும், பிள்ளைகள் வாசிக்க ஆங்கிலத்தில் ஒரு வரலாறு வேண்டும் என்றும் சொன்னார். கோயில் சபைக்காக நகரசபைக்குக் கார் நிறுத்த இடம் கேட்டுக் கடிதம் எழுதியவன் நான். வரலாறு என்ன பெரிய காரியம்! நாங்கள் இருவரும் கதைப்பது ஆங்கிலத்தில். என் நினைவில் எல்லாம் தமிழாகத்தான் நிற்கிறது.

“உங்களுக்குப் பந்து எந்தப் பக்கம் போகவேணும் எண்டே தெரியாது,” என்றாள் மனைவி.

“ஓம். ஆனா கொமா எங்க போடவேணும் எண்டு தெரியும்தானே.”

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் ஹில்ஸ்பரோவில் எங்கள் வீட்டுக்கு மூன்று மூத்த ரசிகர்களை அந்த நேபாளி நண்பர் கூட்டிவந்தார். மூவரில் வயதானவர் எங்கள் கிடங்குக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். தினமும் காலையில் என் நண்பரைத் தன் காரில் ஏற்றிவருபவரும் அவர்தான்.

கழகத்தைத் தொடங்கியவர்கள் கடைக்காரர்கள் என்றார் ஒருவர். கல்லூரி மாணவர்கள் என்றார் இன்னொருவர். ஒரு கலியாண ஊர்வலத்தில் உருவானது என்றார் பெரியவர். ஆசியாவின் தலைசிறந்த கழகம் அது என்பதில் மட்டும் மூவருக்கும் கருத்து வேறுபாடில்லை. ஆசியாவுக்குத்தான் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை. இடையில் சில ஆண்டுகள் கழகம் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லையாம். அதைக் கட்டாயம் எழுதச் சொன்னார்கள். அந்த ஆண்டுகளில் லீக்கே நடக்கவில்லை என்பதை எழுதவேண்டாம் என்றார்கள்.

நிலநடுக்கத்துக்குப் பிறகு பயிற்சி மைதானம் முழுக்கக் கூடாரமாகியது, ஆட்டக்காரர்கள் தண்ணீர் சுமந்தார்கள். அதைச் சொன்னபோது மட்டும் ஒருவரையொருவர் திருத்தவில்லை.

பிறகு அந்த ஆட்டம் வந்தது. பருவத்தின் கடைசி ஆட்டம். முதல் பிரிவில் நீடிக்கச் சமநிலையில் முடிந்தாலே போதும். தூரத்திலிருந்து மெதுவாக உருண்டுவந்த பந்து கோல்காப்பாளரின் கால்களுக்கு நடுவே போனது. கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது.

“கள்ளன்! வேணுமெண்டே விட்டவன்!” என்று பெரியவர் மேசையில் குத்தினார்.

அவர்கள் போனபின் மனைவி கேட்டாள்: “உங்கடை சிநேகிதர் ஏன் கழுவின கோப்பையையே திருப்பித் திருப்பிக் கழுவினவர்?”

வரலாற்றாசிரியனான நான் எதையும் கவனித்திருக்கவில்லை.

திங்கட்கிழமை நண்பர் என்னைத் தனியே அழைத்தார். “தாய், அந்தப் பந்தைப் பற்றிக் கட்டாயம் எழுதவேணுமோ?”

“ஏன்?”

“அது நான்தான்.”

மாற்றுக் கோல்காப்பாளராக இருந்தவர். முதலாவது ஆளுக்குக் காய்ச்சல் என்று இவரை இறக்கினார்களாம்.

“ஒருத்தரும் உம்மைக் கண்டுபிடிக்கேல்லையோ?”

“அங்க எல்லாருக்கும் என்ரை பட்டப்பேர்தான் தெரியும். அப்ப தலைமயிர் இருந்தது. வயிறு இருக்கேல்லை.”

அன்றே திருத்தினேன்: ‘தட்பவெப்பக் காரணங்களால் கழகம் இரண்டாம் பிரிவில் தன் பயணத்தைத் தொடர்ந்தது.’ நகரசபைக்கு எழுதிப் பழகிய கை அல்லவா.

விழா மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு மண்டபத்தில், ஞாயிறு பகல். நான் வாசித்தேன். அந்த வரி வந்ததும் பெரியவர் எழுந்தார். “தட்பவெப்பமோ? அந்தக் கள்ளனை ஏன் காணேல்லை?”

மொமோக் கொழுக்கட்டை பரிமாறிக்கொண்டிருந்த நண்பர் தட்டைக் கீழே வைத்தார். நேபாளியில் ஏதோ சொன்னார். பக்கத்திலிருந்தவர் எனக்கு மொழிபெயர்க்கத் தொடங்கினார்: “நான் கள்ளன் இல்லை. அண்டைக்கு எனக்குக் கால் நடுங்கினது. அவ்வளவுதான்.”

பெரியவர் அவரை நோக்கி நடந்தார். வரலாற்றாசிரியனுக்கு உரிய துணிச்சலோடு நான் ஒதுங்கி நின்றேன்.

“நாலு வருசமா என்ரை காரிலதானே வாறாய்! ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் திட்டுறதை நிப்பாட்டினாத்தானே சொல்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தார். “நான் அந்த ஆட்டத்தைப் பாக்கேல்லை,” என்றார். “ரேடியோவிலதான் கேட்டனான்.”

நண்பர் அவர் பக்கத்தில் அமர்ந்து, மேசையில் இருந்த உப்புக் குப்பியைப் பந்தாக்கி, அது உருண்டுவந்த வழியைக் காட்டினார். பெரியவர் குனிந்து அந்த ஆட்டத்தை முதல்முறையாகப் பார்த்தார்.

நான் பிள்ளைகளுக்கென்று அச்சடித்திருந்த பிரதிகளில் தட்பவெப்பத்தை அடித்துவிட்டு, அங்கேயே பேனாவால் எழுதினேன்: ‘மாற்றுக் கோல்காப்பாளரின் கால் நடுங்கியது. பந்து உள்ளே போனது.’ பிள்ளைகள் பிரதிகளை எடுத்துக்கொண்டு நண்பரிடம் வரிசையாகக் கையெழுத்து வாங்கினார்கள். எழுதியவனிடம் ஒருவரும் கேட்கவில்லை.