அராஜகம் ஒழிக என்று கத்தியவர்கள்

இந்த ஊரில் கட்டடத்துக்குக் கட்டடம் ஒரு பச்சை மனிதன் ஓடிக்கொண்டிருக்கிறான். கதவுக்கு மேலே விளக்குப் பெட்டிக்குள் காலை அகட்டி ஓடுகிற சித்திரம். லண்டன் வந்த புதிதில் அதைக் கழிப்பறை அடையாளம் என்று நினைத்துத் தப்பான கதவைத் தள்ளி அசடு வழிந்திருக்கிறேன். தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று காட்டுகிற படமாம். குமாரபாளையத்தில் இளமை முழுக்க விசைத்தறி ஓட்டினேன். எங்கே ஓடுவது என்று எங்களுக்கு யாரும் படம் போட்டுக் காட்டியதில்லை. இங்கே நான் வேலை பார்த்த தையல் பட்டறையிலும் பச்சை மனிதன் உண்டு. அவன் ஓடுகிற கதவில் மட்டும் ஒரு பூட்டு தொங்கும்.

பட்டறை கிழக்கு லண்டனில், ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. பள்ளிச் சீருடைகள் தைப்போம். முதலாளி திருச்செங்கோட்டுக்காரர். என்னை அங்கே சேர்த்துவிட்டவர், அங்கேயே தைத்துக்கொண்டிருந்த என் மனைவியின் அண்ணன், செல்வராஜ் மச்சான். "நம்மூருக்காரருங்க மாப்ள, ஒரு கொறையும் வெக்க மாட்டாரு" என்றார். முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். முதலாளி எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிடுவார், பொங்கலுக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பார். துணி திருட்டுப் போகிறது என்று பின்கதவைப் பூட்டிச் சாவியையும் அவரே வைத்துக்கொள்வார்.

எங்களில் தமிழ் பேசாத ஒரே ஆள் ரூத். என் வயதுதான், துணி வெட்டுகிறவர், யூதப் பெண். ஒருநாள் டீ நேரத்தில், "என் கொள்ளுத்தாத்தா இதே தெருவில் தையல்காரர். அனார்க்கிஸ்ட்" என்றார். எங்கள் தாத்தா தாசில்தார் என்று நம்மூரில் சொல்வோமே, அந்தத் தோரணையில். போனில் தேடினேன். அராஜகவாதி என்று வந்தது. திக்கென்றது. அராஜகம் என்றால் நமக்குத் தெரிந்தது பலம் இருக்கிறவன் ஆடுகிற ஆட்டம்தானே? "எங்கள் ஊர் வேலைநிறுத்தத்தில் அனார்க்கிஸ்ட்டுகள் ஒழிக என்றுதான் கத்தினோம்" என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டேன். தறிச் சத்தத்தில் வளர்ந்த தொண்டை வேறு, சும்மா பேசினாலே சண்டை போலிருக்கும். ரூத் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

கத்தியது உண்மைதான். குமாரபாளையத்துத் தறிக்கூடத்தில் ஒரு பெண்ணை முதலாளியின் மகன் கைநீட்டி அடித்துவிட்டான் என்று தறிகளை நிறுத்தினோம். ஊர்வலத்துக்கு முன்னால் போனவர் செல்வராஜ் மச்சான். "முதலாளிகளின் அராஜகம்!" என்று அவர் எடுத்துக் கொடுக்க, "ஒழிக! ஒழிக!" என்று காவிரிப் பாலம் வரைக்கும் கத்தினோம். அடித்தவன் வந்து அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டான். இந்தக் குரலுக்குப் பின்னால் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று அன்றைக்கு நம்பினேன். பிற்பாடு மனைவிக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்தபோது, மச்சான் ஏற்கெனவே போய்ச் சேர்ந்த ஊர்தானே என்று தைரியமாகக் கிளம்பி வந்தேன்.

அந்தச் சொல்லின் விவகாரத்தை ரூத்துக்கு விளங்க வைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. விளங்கியதும் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு தன் ஆட்களின் கதையைச் சொன்னார். ரஷ்யப் பக்கமிருந்து அடிபட்டு ஓடிவந்த யூதர்கள் இந்தத் தெருக்களில் நிலவறையிலும் பரணிலும் உட்கார்ந்து தைத்தார்கள். அவர்களின் முதலாளியும் யூதர்தான். அதே இத்திஷ் மொழி, அதே தொழுகைக்கூடம். கப்பலை விட்டு இறங்கியதும் "லாண்ட்ஸ்மான்!" என்று கட்டிக்கொள்வாராம். ஊர்க்காரன் என்று அர்த்தம். அதற்கப்புறம் முதுகு ஒடிய வேலை வாங்குவார். ஊர்க்காரனானாலும் முதலாளி முதலாளிதான் என்று அந்த மொழியிலேயே பத்திரிகை போட்டுச் சொன்னவர்கள் இந்த அனார்க்கிஸ்ட்டுகள். தலைக்கு மேலே முதலாளியும் வேண்டாம், அரசாங்கமும் வேண்டாம், கூடிப் பேசி வாழ்ந்துகொள்ளலாம் என்பது அவர்கள் கட்சி. நோன்பு நாளில் நடனம் வைத்துப் பெரியவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்கள். துறைமுகத் தொழிலாளிகள் வேலைநிறுத்தத்தில் பட்டினி கிடந்தபோது, அவர்களின் பிள்ளைகளை யூதத் தையல்காரர்கள் தங்கள் வீடுகளில் வைத்துச் சோறு போட்டார்கள். ரஷ்யாவில் புரட்சி வந்ததும் ரூத்தின் கொள்ளுத்தாத்தா அதற்குத் தோள் கொடுக்கப் போனார். புரட்சி செய்தவர்களே அவரைச் சிறையில் போட்டார்கள். "எதிரி போட்டிருந்தால் எங்கள் வீட்டில் இத்தனை காலம் அதைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்" என்றார் ரூத்.

போன குளிர்காலத்தில் பட்டறையில் இஸ்திரிப் பெட்டி சூடேறித் துணி கருகிப் புகை மண்டியது. எல்லோரும் பச்சை மனிதனை நம்பி ஓடி, பூட்டிய கதவில் ஒருவர் மேல் ஒருவர் மோதி நின்றோம். புகை தானாக அடங்கியதால் பிழைத்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டில் கூடினோம், ரூத்தும் வந்திருந்தார். "பூட்டக் கழட்டற வரைக்கும் ஒருத்தரும் மிஷின்ல உக்காரக் கூடாதுங்க. மொதல்ல நான் எந்திரிக்கறேன், பொறகு நீங்க" என்றார் மச்சான். அதே பழைய குரல். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திங்கட்கிழமை முதலாளி எங்களுக்கு முன்னமே வந்து, பின்கதவை அடைத்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மச்சான் எழவில்லை. நான் எழுந்தேன். ரூத் கத்திரியைக் கீழே வைத்தார். மற்றவர்கள் மச்சானைப் பார்த்தார்கள். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார், கோத்து முடித்தும் தலையைத் தூக்கவில்லை. பிறகு ஒவ்வொரு மிஷினாக ஓட ஆரம்பித்தது.

"ஏஞ்சாமி, நம்மூரு ஆளுன்னு வேல குடுத்தா, அந்தப் பொம்பளயோட சேந்துக்கிட்டு எங்கிட்டயே அராஜகம் பண்றயா?" என்றார் முதலாளி. "உங்க மச்சான் நேத்தே வந்து சொன்னாரு. இல்லீன்னா எனக்கெங்க தெரியப் போவுது?"

என்ன சொல்கிறார் என்று ரூத் கேட்டார்.

"என்னை அனார்க்கிஸ்ட் என்கிறார்."

ரூத் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றைக்கே இருவருக்கும் வேலை போயிற்று.

மச்சான் இப்போது சூப்பர்வைசர். பின்கதவுச் சாவி அவர் இடுப்பில் தொங்குகிறது. ரூத் புகார் கொடுத்தார். சோதனைக்கு ஆள் வந்த அன்றைக்கு மட்டும் பூட்டைக் காணோம். ஊருக்குப் போன் போட்டால் என் அண்ணனே, "மச்சானுக்குப் பதவி வந்திருக்குதாமா. நீயேண்டா ஊரான்கூடச் சேந்து கெட்டுப் போற?" என்கிறான். யார் ஊரான் என்று போனை வைத்த பிறகு என்னையே கேட்டுக்கொண்டேன். மனைவி இன்னமும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்வருகிறாள். அவளைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வயிறு எரிகிறது.

போன வாரம் அந்தச் சந்து வழியாக வரும்போது, என்ன நினைத்தேனோ, கட்டடத்தின் பின்பக்க இரும்புப் படிகளில் ஏறிப் போய்க் கதவுக்கு வெளியே நின்றேன். ஈரக் காற்று அடித்தது. உள்ளே தமிழ்ப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்திருக்க வேண்டும், கதவிடுக்கில் ரசம் மணத்தது. மச்சானின் சிரிப்பு மிஷின் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது. கதவில் கை வைத்துப் பார்த்தேன், அசையவில்லை. அந்தப் பக்கம் பச்சை மனிதன் என்னை நோக்கித்தான் ஓடிக்கொண்டிருப்பான். அவனால் இந்தப் பக்கம் வர முடியாது, என்னால் அந்தப் பக்கம் போக முடியாது.