மஹீன் வீட்டு மொட்டைமாடியில் ஒரு வல்லூறு

கொருக்குப்பேட்டையில் வந்து ஜெயவேல் வீடு எது என்று கேட்டால் முழிப்பார்கள். கேமராக்காரன் வீடு என்று கேட்டால் வாசல்வரை கூட்டிவந்து விட்டுவிட்டுப் போவார்கள். கேமராவா அவனுக்குச் சோறு போடுகிறது? இல்லை. திருவொற்றியூர் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டில் தூக்கும் வண்டி ஓட்டுகிறான். பெட்டியைத் தூக்கு, பெட்டிமேல் பெட்டியை வை, மறுநாள் அதையே இறக்கு. இருபத்திரண்டு வருஷமாக இதே பிழைப்பு. கேபினில் உட்கார்ந்து மேலே பார்த்துப் பார்த்துக் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது. இனிமேல் அண்ணாந்து பார்க்காதே என்றார் டாக்டர். அண்ணாந்து பார்ப்பதைத் தவிர வேறு சந்தோஷமே இல்லாத மனுஷனிடம் போய் இப்படிச் சொன்னால் அவன் என்னதான் செய்வான்? தைலத்தைத் தடவிக்கொண்டு மறுபடியும் அண்ணாந்து பார்த்தான்.

ஓடுவது, பாய்வது, பறப்பது, இதைத்தான் எடுப்பான். எண்ணூர் கழிமுகத்தில் மீனைக் கவ்வும் கொக்கு, காட்டுப்பள்ளி ரோட்டில் லாரிக்குக் குறுக்கே பாயும் நாய், கூரைவிட்டுக் கூரை தாவும் பூனை. ‘சும்மா நிக்கிறத எடுக்க பாஸ்போர்ட் ஸ்டுடியோ கீதே’ என்பான். எல்லாம் கிடைத்தது. ஒன்றைத் தவிர.

குளிர்காலம் பிறந்தால் ஒரு வல்லூறு எங்கிருந்தோ வந்து எண்ணூர்ப் பக்கம் ஒரு புகைபோக்கியின் உச்சியில் குடியேறும். சாப்பாட்டுக்கு மட்டும் கொருக்குப்பேட்டைக்கு வரும். இங்கே மாடிக்கு மாடி புறாக்கூண்டு. மாதச் சாப்பாடு ஏற்பாடு செய்துகொண்ட மாதிரி வந்து, வானத்தில் ஒரு புள்ளியாக நின்று, இறக்கையை மடக்கிக்கொண்டு செங்குத்தாக விழும். விழுகிற அந்தக் கணம்தான் அவனுக்கு வேண்டும். பதினோரு குளிர்காலம் காத்திருந்தான். கிடைத்ததெல்லாம் சிதறின இறகும் காலி வானமும்தான்.

இந்த வருஷம் அலுத்துவிட்டது. கோபம்கூட இல்லை, வெறும் அலுப்பு. "இந்தப் பிப்ரவரியோட சரி. அதுக்கப்பறம் கேமராவ பரண்ல போட்டுடலாம்" என்று மனைவி அம்முவிடம் சொன்னான். அம்மு லேசுப்பட்டவள் இல்லை. காலண்டரை எடுத்து, பிப்ரவரி கடைசி ஞாயிற்றுக்கிழமையில் ஒரு வட்டம் போட்டு, "நீதான் சொன்ன, நாஞ்சொல்லல" என்று மறுபடியும் ஆணியில் மாட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெருவின் புறாப் பந்தயமும். முந்தின நாள் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்த உடம்போடு காலை ஐந்தரை மணிக்கே மஹீன் வீட்டு மொட்டைமாடியில் போய் உட்கார்ந்தான். மஹீன் அவனோடு ஒண்ணாங்கிளாஸ் படித்தவன், தையல்காரன். கூண்டைத் துடைத்துக்கொண்டே, "நீ இன்னாத்துக்கு வந்துகீறன்னு தெரியும் மாமு" என்றான். "எம்புறாவ அது அடிக்கணும், நீ போட்டோ புடிக்கணும்."

ஜெயவேல் மஹீன் கொடுத்த டீயை ஊதினான். உண்மையே அதுதான். தோஸ்து வீட்டு டீயைக் குடித்துக்கொண்டு, தோஸ்து வளர்த்த உயிர் சாகிற நேரத்துக்குக் காத்திருக்கிறான். நினைத்தால் அவனுக்கே கேவலமாக இருந்தது. இருந்தும் லென்ஸைத் துடைத்தான்.

பந்தயத்தில் சூட்சுமம் ஒன்றும் இல்லை. ஆறு மணிக்கு இரண்டு வீட்டுப் புறாவையும் பறக்க விடுவார்கள். எது அதிக நேரம் வானத்தில் நிற்கிறதோ அதற்குக் கப்பு. தானாக இறங்கி உட்கார வேண்டும். மாடியில் இருக்கிற ஒருத்தரும் துணி வீசக்கூடாது, கை தட்டக்கூடாது, முக்கியமாக விசில் அடிக்கக்கூடாது. அடித்தால் அந்த வீடு அவுட். வல்லூறு அடித்தால் மட்டும் தோல்வி இல்லை, அடித்த நிமிஷம்வரை கணக்கு உண்டு.

விசிலுக்கு இவ்வளவு பயம் ஏன் என்றால், இந்தத் தெருப் புறாக்களுக்கு விசில்தான் பாஷை. நீளமாக அடித்தால் மேலே ஏறு. மூன்று துண்டாக அடித்தால் வல்லூறு வருகிறது, எல்லாவற்றையும் போட்டுவிட்டு வீட்டில் விழு. ஜெயவேலும் கல்யாணம் ஆகிறவரை புறா வளர்த்தவன். அந்த மூன்று துண்டு விசிலை ஆறு வயதில் கற்றுக்கொண்டான், அப்போது அவனுக்குத் தன் பேரை ஒழுங்காக எழுதத் தெரியாது.

மஹீன் விட்டது சாம்பல்வால் என்கிற பெட்டை. எதிர் மாடி மனோகரன் விட்டது ஒரு வெள்ளைச் சேவல். நடுவராக, ரயில்வேயில் ரிட்டயர் ஆன ஆசீர்வாதம் அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலி, குடை, நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தார். வெயில் ஏறியது. கூட்ஸ் வண்டிகள் போயின. சிமென்ட் தரை சுட்டது. பகல் பன்னிரண்டுக்கு ஜெயவேலின் கழுத்து மரத்துப்போனது. இரண்டு மணிக்கு, எழுந்து போய்ப் படுத்துவிடலாமா என்றே தோன்றியது. காலண்டர் வட்டம் ஞாபகம் வந்தது. உட்கார்ந்தான்.

மூன்று இருபதுக்கு மனோகரனின் வெள்ளை தள்ளாடி இறங்கி அவன் கூண்டின்மேல் உட்கார்ந்தது. ஆசீர்வாதம் அண்ணன் நேரத்தை எழுதினார். சாம்பல்வால் இன்னும் மேலேயே இருந்தது. பதினான்கு வருஷமாக ஒரு கப்புகூட வாங்காத மஹீன் தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டான். சந்தோஷத்தில் கத்திவிடக்கூடாது என்கிற பயம். இனி அது எப்போது இறங்கினாலும் கப்பு அவனுக்குத்தான். மாடியில் இருக்கிறவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

மூன்று நாற்பது இருக்கும். லென்ஸ் வழியாகச் சாம்பல்வாலைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெயவேலுக்கு அதற்கு மேலே, வெகு உயரத்தில், இன்னொரு புள்ளி தெரிந்தது. அசையாமல் நின்றது.

தூக்கம், கழுத்து, வெயில் எல்லாம் போன இடம் தெரியவில்லை. வெளிச்சம் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. மேகம் இல்லை. பதினோரு வருஷத்தில் எல்லாம் ஒருசேர அமைந்தது இந்த ஒரு தடவைதான். விரல் பொத்தானில் இருந்தது. ஒரு படம் எடுத்தான். மேல் புள்ளி இறக்கையை மடக்கியது. விழ ஆரம்பித்தது.

கேமரா கழுத்துப் பட்டையில் தொங்கி நெஞ்சில் இடித்தது. அவனுடைய இரண்டு விரல்கள் வாயில் இருந்தன. மூன்று துண்டு விசில் தெரு முழுக்கக் கேட்டது.

சாம்பல்வால் கல் மாதிரி விழுந்தது. அது இருந்த இடத்தை வல்லூறு வெறுமனே கிழித்துக்கொண்டு போய், தண்டவாளப் பக்கம் திரும்பி, எண்ணூர் திசையில் மறைந்தது. சாம்பல்வால் கூண்டின் தகரத்தில் வந்து மோதி, புரண்டு எழுந்து நின்றது.

எதிர் மாடியில் மனோகரன் வீட்டார் கூத்தாடினார்கள். "விசில் வுட்டாங்க, விசில் வுட்டாங்க!" ஆசீர்வாதம் அண்ணன் எழுந்து, ஜெயவேலைப் பார்த்து, "இன்னா நைனா இப்படிப் பண்ணிட்ட" என்றார். பிறகு நோட்டில் மஹீன் பெயர்மேல் கோடு போட்டார். போடும்போது அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

மஹீன் புறாவைக் கையில் எடுத்திருந்தான். அடிக்க வருவான், குறைந்தது நாலு கெட்ட வார்த்தையாவது வரும் என்று ஜெயவேல் நின்றான். வரவில்லை.

"போட்டோ?" என்றான் மஹீன்.

ஜெயவேல் கேமராவைத் திருப்பிக் காட்டினான். நீல வானம். கீழே ஒரு புள்ளி, மேலே அதைவிடச் சின்னதாய் ஒரு புள்ளி.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

"பதினோரு வருசமா இதுக்குத்தான பேஜார் பட்ட? ரெண்டு செகண்டு கம்முனு இருந்திருந்தா ஒனக்குப் போட்டோ, எனக்குக் கப்பு."

"கை கேக்கல மாமு."

மஹீன் கூண்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான். புறாவின் நெஞ்சு அவன் கைக்குள் அடித்துக்கொண்டிருந்தது. வாயிலிருந்து எடுத்த துண்டு ஈரமாகத் தோளில் கிடந்தது. கூண்டைப் பார்த்தபடியே பேசினான்.

"ஒனக்கு முன்னாடியே நான் பாத்துட்டேன் மாமு. புள்ளியா நிக்கும்போதே பாத்துட்டேன்."

ஜெயவேல் அந்தத் துண்டைப் பார்த்தான். மஹீன் உட்கார்ந்து, உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றி, புறாவின் மூக்கருகே நீட்டினான். அது அவனை நம்பிக் குடித்தது.