வாய் படாத குழல்

கப்பலில் வேலை பார்த்த என் கணவர் அயர்லாந்துத் துறைமுகம் ஒன்றில் வாங்கி வந்தது இல்லின் பைப் என்கிற அந்தத் தோல்பை வாத்தியம். ராயபுரத்தில் எங்கள் வீட்டில் அவர் அதை முதன்முதலாக வாசித்தபோது எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "இன்னாடி, உன் வூட்டுக்காரரு ஆட்டை அக்குள்ல வெச்சி அமுக்கினுகீறாரு?" என்றாள். நானும் சிரித்தேன். இன்றைக்கு அந்தச் சத்தத்துக்காக ஏங்கிக் கிடக்கிறேன்.

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் மெதுவான ஒரே பாட்டைத்தான் வாசிப்பார். கடைசியாக நோயோடு வந்தார். கட்டிலில் சாய்ந்தபடி எனக்கு அதைப் பிரித்துக் காட்டினார். ஒரு முழங்கைக்குக் கீழே துருத்தி, மற்றதற்குக் கீழே தோல் பை. துருத்தியை அமுக்க அமுக்கப் பையில் காற்று நிறையும். பையிலிருந்து காற்று சாண்டருக்குப் போகும். விரல் வைக்கிற குழல் அதுதான். துளைகளை மூடி அதன் அடிவாயைத் தொடையில் ஊன்றினால் சத்தம் நின்றுவிடும். சாண்டரின் தலையில், மூடிக்குள்ளே ரீட். நாணலில் சீவிய இரண்டு தகடுகள், நடுவே மயிரிழை இடைவெளி. சத்தம் பிறப்பது அங்கேதான்.

"ஈரம் மட்டும் ஆவாது. இது ஊதுற சாமான் இல்ல. வாயே படக்கூடாது, இன்னா?" என்றார்.

கடற்காற்றில் ஊறாமலிருக்க ரீட்டை அரிசி டப்பாவில் வைப்பார். அவரே கத்தியால் சுரண்டிச் சுரண்டிப் பதம் பண்ணியது. அதில் வருவது அவர் குரல்தான் என்று எனக்கு எண்ணம்.

அவர் இறந்த பிறகு பிடிவாதமாக வாசிக்கப் பழகினேன். கல்லறைத் திருநாளன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பாட்டை வாசித்துவிட வேண்டும். அது ஒன்றுதான் ஆசை.

திருநாளுக்கு முந்தின நாள் நல்ல மழை. ரீட் விறைத்துக்கொண்டு கரகரத்தது. மாதா கோயில் பேண்டில் கிளாரினெட் வாசிக்கும் அவருடைய அண்ணன் வந்திருந்தார். "குடும்மா, பாக்கறேன்," என்று மூடியைக் கழற்றி ரீட்டை உருவினார். நான் தடுப்பதற்குள் அது அவர் வாய்க்குள் இருந்தது. காலமெல்லாம் ரீட்டை எச்சிலில் நனைத்தே வாசித்தவர்.

திரும்பப் பொருத்தினோம். பைப்பில் பேச்சு மூச்சில்லை. காய்ந்ததும் பார்த்தால் நுனி பிளந்திருந்தது.

"கை தானா வாய்க்குப் பூடுச்சும்மா," என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை என்னவெல்லாமோ கேட்டிருப்பேன். ஆனால் தம்பியைப் பறிகொடுத்தவரை என்ன சொல்ல?

மறுநாள் பூவோடும் மெழுகுவத்தியோடும் பைப்பையும் எடுத்துப் போனேன். அண்ணன் குடை பிடித்தார். ரீட் இல்லாத சாண்டரில் விரலை வைத்துத் துருத்தியை அமுக்கினேன். வெறும் காற்று. ஆஸ்பத்திரியில் அவர் கடைசியாக மூச்சு இழுத்த சத்தம் அப்படியே கேட்டது. எழுந்துவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் அண்ணன் என் விரல்களைப் பார்த்து, தாழ்ந்த குரலில் அந்தப் பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார். விரல்கள் நிற்கவில்லை.

பாட்டு முடிந்தது. சாண்டரைத் தொடையில் ஊன்றி நிறுத்த வேண்டும். எனக்கு மனம் வரவில்லை. காற்று தானாகத் தீரும்வரை விட்டுவிட்டேன்.