கம்ப்யூட்டர் அறை வாசலில் கோலம்

வில்லியனூர் பக்கத்து மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்ததும், எழுத்து வேலை பார்த்த ஆறு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். கம்ப்யூட்டர் அறையைப் பெருக்க என்னைப் புதிதாகச் சேர்த்தார்கள். மெஷினைப் பார்த்துக்கொள்ள வந்தவர் ஒல்லியான மனிதர். அறைக்குள் குளிரும் என்பதால் சித்திரையிலும் ஸ்வெட்டர் போட்டிருப்பார். மேசையோ கதவோ, எதையும் விரலால் தடவி, அந்த விரலை உற்றுப் பார்ப்பார்.

காலையில் பெருக்கியதும் அறை வாசலில் கோலமாவால் சின்னதாய் ஒரு கோலம் போட்டுவிட்டுப் போவேன். ஒருநாள் மறந்துவிட்ட துடைப்பத்தை எடுக்கத் திரும்பினால், அவர் மண்டியிட்டு ஈரத்துணியால் கோலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் வேலையை அவரே செய்து, ஆளே தேவையில்லை என்று காட்டப் பார்க்கிறாரோ?

"இன்னா சார், என்னையும் அனுப்பப் போறீங்களா?"

"மாவு உள்ள பறந்தா மெஷின் நின்னுடும்மா. மேனேஜருக்குத் தெரிஞ்சா உன்னைத்தான் அனுப்புவாரு. அதான் தினமும் தொடைக்கிறேன்."

"மொதல்லயே சொல்லக் கூடாதா சார்?"

"எங்க சொல்றது? என்னைப் பார்த்தாலே ஓடிப்போற!"

பாதிதான் நம்பினேன். மறுநாள் விரலைத் தண்ணீரில் நனைத்து, வெறும் ஈரத்தால் கோலம் போட்டேன். அவர் குனிந்து அதையும் விரலால் தடவி, விரலை உற்றுப் பார்த்த பிறகுதான் உள்ளே போனார்.