வெம்பக்கோட்டையில் அறுபதடிப் பாசிக் குழாய்

1964 மாசியில் நான் மதுரையிலிருந்து வெம்பக்கோட்டைக்குப் போனது ஊரைப் பார்க்க அல்ல; பாசி வளர்க்க. எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் இரண்டு ஆண்டுகளாகக் குடுவைகளில் வளர்த்த நுண்பாசியை, தூசியும் பூச்சியும் புகாத பாலிதீன் குழாய்க்குள் ஏராளமாக வளர்க்க முடியுமா என்று பார்க்க முதல்வர் மூன்று நாள் அனுமதித்திருந்தார். முடியாவிட்டால் குடுவையோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

காலை 6.20க்கு ரயில். விருதுநகரில் வண்டி மாறி, சிவகாசியில் இறங்கும்போது 9.15. பட்டாசுக் கம்பெனிகளுக்குச் சரக்கு விற்கும் கடையில் ஒரு கிலோ வெடியுப்பு வாங்கினேன். அங்கே திரிக்குப் போகும் அதே உப்புதான் பாசிக்கு உரம். வெம்பக்கோட்டை பத்து மைல். பஸ்ஸுக்கு 40 பைசா. மடியில் இரண்டு ஜாடிப் பாசி.

"என்னங்க இது, கீரைச் சாறா?" என்றார் கண்டக்டர்.

"கிட்டத்தட்ட" என்றேன்.

கிணறும் நிழலில்லாத நிலமும் தந்தவர் முத்தம்மா. என்னுடன் வேலை பார்ப்பவருக்கு அத்தை முறை. பருத்தியும் மிளகாயும் தனியாகவே பார்த்துக்கொள்கிறவர். மூன்று விரல் அகலமுள்ள அறுபதடிக் குழாயை வாய்க்காலில் கிடத்தி, சூடேறாமலிருக்க அடியில் கிணற்றுத் தண்ணீர் ஓடவிட்டோம். பாசியையும் உப்புநீரையும் ஊற்றி, சோடாக் கடையில் வாங்கிய கரியமில வாயு உருளையை இணைத்து வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செல்லவிட்டு, இரு முனைகளையும் கைப்பம்பில் இறுக்கிக் கட்டினேன். பம்பை அடித்தால் பாசி சுற்றிச் சுற்றி வரும். எங்கும் திறப்பில்லை. அதில் எனக்குப் பெருமை.

மறுநாள் பகல் ஒரு மணி. சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், குழா உப்பிக்கிட்டு வருது, சீக்கிரம் வாங்க!" வாய்க்காலிலிருந்து முத்தம்மா கூப்பிட்டார்.

ஓடினேன். குழாய் முறுக்கேறி நின்றது. ஒட்டுப்போட்ட இடம் வெளுத்திருந்தது. கரியமில வாயு அதிகமாகிவிட்டதென்று உருளையை மூடினேன். அரை மணி கழித்தும் உப்பல் குறையவில்லை. வெடித்தால் இரண்டு வருட உழைப்பு வாய்க்காலோடு போய்விடும்.

குழாயின் முனையை வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தி, லேசாகத் தளர்த்தி, வந்த வாயுவைக் கவிழ்த்த பாட்டிலில் பிடித்தேன். ஊதுவத்தி கேட்டேன்.

"இங்கன நெருப்பெடுக்காதீக. பக்கத்துல பட்டாசு செய்யிற செட்டு இருக்கு. ஆத்தங்கரைக்குப் போயிருவோம்" என்றார் முத்தம்மா.

பாட்டிலின் வாயைத் தக்கையால் அடைத்து எடுத்துக்கொண்டு ஒரு மைல் நடந்தோம். கனல் மட்டும் இருந்த ஊதுவத்தியைப் பாட்டிலுக்குள் விட்டேன். கரியமில வாயுவானால் அணைந்திருக்கும். சட்டென்று சுடர்விட்டு எரிந்தது.

"ஆத்தாடி! எம்புட்டு வெளிச்சம்!"

பிராணவாயு. பாசி செழிப்பாக வளர்ந்து வெளிவிட்டதை நான் போக விடாமல் கட்டி வைத்திருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

திரும்பியதும் குழாயின் முனையைக் காலி ஜாடிக்குள் விழவிட்டு, பம்பு அங்கிருந்து உறிஞ்சும்படி மாற்றி, ஜாடி வாயைப் பஞ்சால் அடைத்தேன். வாயு போகும், தூசி வராது. முத்தம்மா பம்பு அடிக்க, நாலரை மணிக்குக் குழாய் தளர்ந்து படுத்தது. மூன்றாம் நாள் மதியம் குழாய்க்குப் பின்னால் பிடித்த தாளின் எழுத்து தெரியவில்லை; பச்சை அவ்வளவு அடர்த்தி. முதல்வரிடம் அறுநூறடிக் குழாய்க்கு அனுமதி கேட்கப் போகிறேன், தருவார்.

நீங்களும் முயல்வதானால் மாசியில் போங்கள்; சித்திரை வெயிலைக் கிணற்றுத் தண்ணீர் தாங்காது. சிவகாசிக்குத் திரும்பக் கடைசி பஸ் மாலை 6.10க்கு. மூடிய குழாய்க்குப் படம் வரையும்போது, வாயு வெளியேறும் வழியை முதலில் வரையுங்கள்.