ஏறிக்கொண்டே போன எண்

எண்பதுகளின் ஆரம்பத்தில், டெல்லி கிட்வாய் நகர் அரசுக் குவார்ட்டர்ஸில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்கு முதலில் வருவது கண்ணீர் இல்லை, எரிச்சல்தான்.

என் கணவருக்கு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. அந்த வருஷக் குளிரில் அவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று கண்டுபிடித்து, குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஹோலிக்குள் எழுந்து நடமாடி, மோர் சாதம் போதும் என்றிருந்தவர் வற்றல் குழம்பு கேட்கும் அளவுக்குத் தேறிவிட்டார். எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன்.

வெயில் ஏற ஆரம்பித்த சமயத்தில், மறுபரிசோதனைக்குப் போனபோது சர்ஜன் ஒரு புது ரத்தப் பரிசோதனையைப் பற்றிச் சொன்னார். குடல் புற்றுநோய் இருப்பவர்கள் பலருக்கு ரத்தத்தில் ஒரு வகைப் புரதம் கூடுமாம். கட்டியை எடுத்தபின் அது இறங்க வேண்டும். இறங்காவிட்டாலோ, மறுபடி ஏறினாலோ, நோய் உள்ளே எங்கேயோ திரும்பத் தலைதூக்குகிறது என்று சந்தேகப்பட வேண்டுமாம். வெளியே ஒன்றும் தெரிவதற்கு முன்பே அந்தப் புரதம் காட்டிக்கொடுத்துவிடும் என்றார். எனக்குப் பெரிய நிம்மதி. விஞ்ஞானம் இவ்வளவு முன்னேறிவிட்டதே என்று வீட்டுக்கு வந்து அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொன்னேன். எவ்வளவு அப்பாவி நான்!

அந்தப் பரிசோதனை ஊரின் இன்னொரு மூலையில் இருந்த ஒரு ஆஸ்பத்திரி லேபில்தான் செய்வார்கள். இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் தடவை போனோம். பரிசோதனைக்கு வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய மருந்து வரவில்லை, "கல் ஆனா" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். நாளைக்குத்தானே என்று மறுநாள் போனால், டெல்லியில் 'கல்' என்றால் நாளை என்று அர்த்தமில்லை என்று தெரிந்தது. அடுத்த வாரம் ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வாங்கப் போனபோது, கரன்ட் போய் குளிர்பெட்டி நின்று ரத்தம் கெட்டுப்போச்சு, மறுபடி எடுக்கணும் என்றார்கள். லூ காற்று நெருப்பாக முகத்தில் அடிக்கிற காலம். ஆபரேஷன் ஆன மனிதரை ஈரத் துண்டு தலையில் போட்டுக் கூட்டிக்கொண்டு நான் பஸ்ஸுக்கும் கவுன்ட்டருக்கும் அலைகிறேன். அந்தக் கவுன்ட்டர்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "ஹோ ஜாயேகா, ஹோ ஜாயேகா" என்பார். ஆகும், ஆகும் என்றால் எப்போது ஆகும்?

ஒருவழியாக ஆயிற்று. எண் கூடுதலாக இருந்தது.

சர்ஜன் முகம் மாறியது. எக்ஸ்-ரே எடுத்தார், கல்லீரலைச் சோதித்தார். எதிலும் ஒன்றும் தெரியவில்லை. ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தத்தைப் பார்க்கலாம், இன்னும் ஏறியிருந்தால் வயிற்றைத் திரும்பத் திறந்து உள்ளே தேடிப் பார்ப்பதுதான் வழி என்று சொல்லிவிட்டார்.

அந்த ஒரு மாதம் எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். இவர் பேச்சே இல்லாமல் போனார். சாயந்திரமானால் "கொஞ்சம் நடந்துட்டு வாரேன்" என்று கிளம்பிவிடுவார். முன்பெல்லாம் மார்க்கெட் வரை போய் வருவார், இப்போது வெகுநேரம் ஆகும். தனியாக எங்கேயாவது உட்கார்ந்து அழுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஆம்பிளை, நம் முன்னால் அழக் கூச்சப்படுகிறார், அழட்டும் என்று கூடப் போகாமல் விட்டுவிட்டேன். அவர் திரும்பி வரும்போது வாசலில் நின்று முகத்தைத்தான் பார்ப்பேன். நேரே குழாயடிக்குப் போய் முகம் கழுவி, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அதற்கும் ஒரு அர்த்தம் கற்பித்து, கண்ணீரைக் கழுவுகிறார் என்று உருகினேன்.

இரண்டாவது ரத்தத்துக்கு ரிசல்ட் வாங்கப் போன அன்று, கவுன்ட்டர்காரர் எங்களை உட்காரச் சொன்னார். உள்ளேயிருந்து வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் டாக்டர் வந்தார். லேபுக்கு அவர்தான் பொறுப்பாம். கையில் ரிசல்ட். முன்பைவிட இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றார். 

அவர் போகவில்லை. இந்தியில் கேட்டார்: "இவர் சிகரெட் பிடிப்பாரா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உயிர் போகிற செய்தியைச் சொல்லிவிட்டு இதென்ன கேள்வி? "ஆபரேஷன் அன்னிக்கே விட்டாச்சு டாக்டர் சாப்" என்றேன்.

"உங்களைக் கேட்கவில்லை பஹன்ஜி, அவரைக் கேட்டேன்."

இவர் தரையைப் பார்த்தபடி, "நஹி" என்றார்.

அந்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். இந்தப் புரதம் நோயால் மட்டும் கூடுவதில்லை. சிகரெட் பிடிப்பவர்களுக்கும் ஓரளவு கூடும். இவருடைய எண் அந்த ஓரளவுக்குள்தான் இருக்கிறது. பிடிப்பதில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியதுதான், வயிற்றைத் திறப்பார்கள். "சோச் லீஜியே" என்றார். யோசித்துச் சொல்லுங்கள் என்று அர்த்தம். இவர் யோசித்தார். மறுபடியும் "நஹி" என்றார்.

பஸ் ஸ்டாப்புக்கு வந்தோம். நான் மனசுக்குள் ஆபரேஷனுக்கு யாரை ஊரிலிருந்து வரவழைப்பது, மகள் பரீட்சையை என்ன செய்வது என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பஸ் வந்தது. நான் ஏறப் போனேன், இவர் ஏறவில்லை. பஸ் போய்விட்டது.

"அந்தம்மா கேட்டது நெசந்தான்" என்றார்.

"எது?"

"தெனமும் பிடிக்கேன். இப்ப ரொம்ப கூடிப் போச்சு."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் பக்கம் திரும்பினேன். "பின்ன எதுக்கு அங்க ரெண்டு தடவை இல்லன்னு சொன்னீங்க? வயித்தக் கிழிக்கப் போறாங்கன்னு சொல்லுதாங்க, காதுல விழலையா?"

அவர் சொன்ன பதில் இருக்கிறதே, அதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் வார்டில் நான் அவர் கையைப் பிடித்து மகள் தலையில் வைத்து, இனி சிகரெட்டைத் தொட மாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருந்தேன். "பிள்ள தலயில அடிச்ச சத்தியத்த மீறிட்டேன். அதுக்குத்தான் சாமி தண்டிக்குதுன்னு நெனச்சேன். ஒங்கிட்ட எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்ல? கிழிச்சாக் கிழிக்கட்டும்னு இருந்துட்டேன்" என்றார்.

"சாமியுமில்ல, பூதமுமில்ல! நீங்க ஊதுன பொகை!" என்று கத்தினேன். ஸ்டாப்பில் இருந்த சர்தார்ஜி ஒருவர் திரும்பிப் பார்த்தார். நான் எதையும் பார்க்கவில்லை. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் முதல்தடவையாக நடுரோட்டில் என் புருஷன் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு லேபுக்குத் திரும்பினேன். கவுன்ட்டர்காரர் "அப் க்யா ஹுவா?", இப்போது என்ன ஆச்சு, என்று முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

அந்த டாக்டர் ஆச்சரியப்படவே இல்லை. இவர் சட்டையைக் காட்டி, "உங்களுக்குப் பழகிப்போன வாசனை, எனக்கு அப்படியில்லை" என்றார் என்னிடம். அங்கேயே சர்ஜனுக்குப் போன் போட்டுப் பேசினார். சிகரெட்டை முழுக்க நிறுத்தி, மழைக்காலம் கழிந்தபின் மறுபடி பார்க்கலாம், அதுவரை கத்தி வேண்டாம் என்று முடிவாயிற்று. அதற்காக நிம்மதியாக இருந்துவிடக் கூடாது, நோய் இல்லை என்று தான் சொல்லவில்லை என்பதையும் அழுத்திச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் அப்பா எதிரில் போய் நின்றாள். "பப்பா, என் தலைல கை வெச்சா எனக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா நீங்க ஜூட் சொன்னா, உங்களுக்கு என்ன ஆகுதுன்னு எனக்கு எப்டித் தெரியும்?" என்றாள். ஜூட் என்றால் பொய். என் கத்தலுக்கெல்லாம் அசையாத மனிதர் அதற்கு அழுதார். நான் ஒரு மாதமாக இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டிருந்த அழுகையை அன்றுதான் நிஜமாகப் பார்த்தேன்.

மழைக்காலம் கழிந்து பார்த்தபோது எண் இறங்கியிருந்தது. தீபாவளிக்குப் பிறகு பார்த்ததில் சரியான அளவுக்குள் வந்துவிட்டது. இடையில் மருந்து இல்லை என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள் என்பதைச் சொல்லாமல் விட மனசில்லை. வயிற்றைத் திறக்கவே இல்லை. அதன்பின் அவர் ரிட்டையராகி, மகள் கல்யாணத்தைப் பார்த்து, பேரனோடு சண்டை போடும் வரை இருந்தார். சிகரெட்டைத் தொடவில்லை. தொட்டிருந்தால் என்னிடம் சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன்.

ஒரு துளி ரத்தம் மறைக்காமல் சொன்னதை, என்னோடு ஒரே வீட்டில் இருந்தவரால் என்னிடம் சொல்ல முடியவில்லை. அவர்மேல் வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. ஆனாலும், கத்தியைவிட என் முகத்துக்கு ஒரு மனிதர் அதிகம் பயந்திருக்கிறார் என்பது நினைவுக்கு வரும்போதெல்லாம், யாராவது என்னிடம் எதையோ சொல்ல வந்து தயங்கினால், பேச்சை நிறுத்திவிட்டு அவர்கள் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறேன்.